கொல்லங்கோட்டில் ஒரு நியாயம், நிலப்பாறையில் ஒரு நியாயம்

அம்மா ஊர் கொல்லங்கோடு பக்கம். அப்பா ஊர் தோவாளை பக்கம். ஹாஸ்டலில் என் அறைத்தோழன் ராதாபுரம்காரன். இவ்வளவு சொன்னதுமே நான் எங்கே வருகிறேன் என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கும் :) மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக...

முதலில் அம்மா ஊர். கேரளாவில் இருக்கும் நெய்யாறு அணையிலிருந்து விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தருவதற்காக வெட்டியது நெய்யாறு இடதுகரைச் சானல். திட்டம் தொடங்கியபோது அணை இருக்கும் இடமும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, அணை அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. 2004ல் நிறுத்தினார்கள். நெய்யாறு முழுக்க எங்கள் மாநிலத்துக்குள் ஓடுகிற ஆறு, உங்களுக்கு அதில் உரிமை கிடையாது என்பது கேரளத்தின் வாதம். 2012ல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. லீவுக்குப் போனால் நாங்கள் அந்த வறண்ட சானலுக்குள் இறங்கித்தான் கிரிக்கெட் விளையாடுவோம். மாமா அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது அப்பா ஊர். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை நம்பிய கோதையாறு பாசனம். கணக்குப்படி 79,000 ஏக்கர். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுக்கும் ஜூன் முதல் பிப்ரவரி வரை தண்ணீர். தோவாளைச் சானலில் நிலப்பாறை என்ற இடத்திலிருந்து ராதாபுரம் கால்வாய் பிரிகிறது. நெல்லை மாவட்டத்தில் 52 குளங்கள், சுமார் 17,000 ஏக்கர். விநாடிக்கு 150 கனஅடி என்று அளவும் உண்டு. அதைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தால் எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "அணை நம்ம மகாராஜா நமக்குக் கட்டுனது. உபரி இருந்தா குடுப்போம்."

கேரளாக்காரர் சொன்னால் அநியாயம், நாம் சொன்னால் உரிமை!

அறைத்தோழன் ஒருநாள் கேட்டான்: "ஏல, உங்க அணை நிரம்பித் தண்ணி கடலுக்குப் போற வருஷந்தான் எங்களுக்கு வருமால?" பதில் சொல்லத் தெரியவில்லை.

"நம்ம ஆறு, நம்ம தண்ணி" என்கிறோமே, அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பறளியாற்றுத் தண்ணீர் இயல்பாக ஓடினால் குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர வேண்டியது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாண்டியன் அணை கட்டி, அதைப் பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்குத் திருப்பினார்கள். பழையாறு மணக்குடியில் போய்ச் சேர்கிறது. நாஞ்சில்நாட்டு நெல்லே வேறு ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் விளைந்ததுதான். அப்புறம் 1906ல் பேச்சிப்பாறை அணை வந்தது. நாமே வாங்கிச் சாப்பிடுகிற வீடு, அடுத்த வீட்டுக்காரன் தட்டோடு வந்தால் மட்டும் கதவைச் சாத்துகிறோம்.

இந்த புத்தி நமக்கு மட்டும் என்றில்லை. 1895ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன், ரியோ கிராண்டே நதியில் மெக்சிகோவுக்குத் தண்ணீர் தரச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அதே அமெரிக்கா 1906ல் வருஷத்துக்கு 60,000 ஏக்கர்-அடி தருவதாக ஒப்பந்தம் போட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், கடும் வறட்சி வந்தால் அமெரிக்க வயல்களுக்கு எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் மெக்சிகோவுக்கும் குறையும் என்று எழுதியிருப்பது. முதலில் உள்ளவனுக்கு முழுசு, கடைசியில் உள்ளவனுக்குப் பூஜ்யம் என்று இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. மழை பொய்த்த வருஷம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் கடைவரம்பு வயல்களுக்கே தண்ணீர் எட்டாது. பயிர் கருகும்போது பக்கத்து மாவட்டத்துக்கு மடை திறந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் 79,000 ஏக்கர் என்பது இன்னும் காகிதத்தில் இருக்கிற எண். அதில் எவ்வளவு தென்னந்தோப்பாச்சு, வாழையாச்சு, எவ்வளவு மண்ணடித்து பிளாட் போட்டு வித்தாச்சு? (எங்கள் வயலுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள்.) இப்போது நாகர்கோவிலுக்குக் குடிநீரும் புத்தன் அணையிலிருந்து போகிறது. அதனால் உண்மையில் நெல் நிற்கிற வயலை முதலில் அளக்க வேண்டும். நிலப்பாறையில் எத்தனை கனஅடி போகிறது, எங்கள் கடைவரம்பில் எத்தனை வருகிறது என்று இரண்டையும் தினமும் பலகையில் எழுதிப்போட வேண்டும். குறைந்தால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறையட்டும். இதை இங்கே செய்துவிட்டுப் போனால் நெய்யாறு விஷயத்தில் கேரளாவிடம் நாம் பேசுகிற பேச்சுக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

போன வாரம் வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பா, "நம்ம வயலுக்கே தண்ணி எட்டல, இவன் ராதாபுரத்துக்கு வக்காலத்து வாங்குகான்" என்று எழுந்து போய்விட்டார். சாப்பிடும்போது அவரே திரும்ப ஆரம்பித்தார்: "லேய் மக்களே, அந்தப் பலகை நல்ல காரியந்தான். ஆனா முதல்ல அத நம்ம மடையில வைக்கச் சொல்லு."