கரும்புகை சொல்லும் சேதி

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் சிறிது நேரம் நின்று பார்த்தால், இச்சமவெளியின் ஜீவனம் எதன்மேல் ஓடுகிறது என்பது விளங்கிவிடும். எங்கு நோக்கினும் லாரிகள்; லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் தேசமெங்கும் போகின்றன. 1997-இல் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோதிலும், மோட்டார்த் தொழில் இரண்டையும் பிரியவிடவில்லை. இத்தகைய பிரதேசத்திலே, சொந்தக் கார் கரும்புகை கக்கினால், காரணம் இன்னதென்று கேளாமலே பணத்தை எண்ணிக் கொடுக்கும் குடும்பங்கள் இருப்பது வருந்தத்தக்கது.

விஷயம் கடினமானதன்று. ஒரு பங்கு பெட்ரோல் செவ்வையாக எரிவதற்கு, நிறையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிஞ்சினாலும் காற்று குறைந்தாலும் பலன் ஒன்றே. காற்றுப் புகாத அடுப்பில் விறகைத் திணித்தால் சமையற்கட்டு என்னவாகும் என்பதை நம் தாய்மார் அறிவர்.

முதற் சாட்சி ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றிப் பார்த்தால், ஆரோக்கியமான எஞ்சினில் முனை இளம் பழுப்பாக இருக்கும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் நோய் வேறு, எஞ்சின் ஆயில் எரிகிறது. புகை நீலமாக வருவதும் ஆயில் எரிவதற்கே அடையாளம்.

பழைய கார்புரேட்டர் வண்டியாயின் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கலாம். கோடையில் நம் சாலைகளுக்கு இது சகஜம். எஞ்சின் சூடேறிய பிறகும் சோக் தகடு திறவாமல் நிற்கலாம். மிதவையில் ஓட்டை விழுந்தோ, ஊசி வால்வு தேய்ந்தோ பெட்ரோல் பெருகி வழியலாம். டீஸல் லாரிக்குப் பிளக் கிடையாது. எனினும் அதன் கரும்புகைக்கும் முதற்கண் சோதிக்க வேண்டியது காற்று வடிகட்டியே.

இக்காலத்து வண்டிகளில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சிறு கணிப்பொறி. அது நீதிபதியைப் போன்றது, சென்ஸார்கள் சாட்சிகள். வெப்பத்தை அறியும் சென்ஸார் கெட்டு, எந்நேரமும் 'எஞ்சின் குளிர்ந்திருக்கிறது' என்று பொய் சொன்னால், கணிப்பொறி பெட்ரோலை வாரி வழங்கும். நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் காருக்கு, ஒரு பட்டறையில் ஆக்ஸிஜன் சென்ஸாரை இருமுறை மாற்றினார்கள். புகை நிற்கவில்லை. முடிவில் ஒரு முதிய மெக்கானிக், சென்ஸாருக்கு முன்னால் புகைக் குழாயில் ஒரு மெல்லிய விரிசலைக் கண்டார். அதன் வழியே வெளிக்காற்று உட்புகுந்தது. அதில் உள்ள ஆக்ஸிஜனைக் கண்ட சென்ஸார், 'காற்று அதிகம், பெட்ரோல் போதாது' என்று சொல்லிற்று. சாட்சி பொய் சொல்லவில்லை. கண்ட காட்சிதான் பிழை. விரிசலைப் பற்றவைத்ததும் புகை நின்றது.

இது பணத்தோடு போகிற காரியமன்று. மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, எஞ்சினைத் தேய்த்துவிடும். ஆயில் பார்க்கும் கம்பியில் பெட்ரோல் வாடை வீசினால் இதை ஐயுறலாம். அதனினும் கொடியது கார்பன் மானாக்ஸைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயு இத்தகைய எஞ்சினிலிருந்து மிகுதியாக வெளிப்படும். ஆதலின் மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது ஒருபோதும் தகாது.

யந்திரங்களை நம் நாட்டிலேயே செய்வது பெருமைதான். செய்த யந்திரத்தின் குறையை நாமே அறிந்து தீர்ப்பதும் சுதேசியத்தில் அடங்கும். பாகங்களை மாற்றுவதற்குப் பணம் போதும். நோயை அறிவதற்கு அந்த முதியவரின் பொறுமை வேண்டும். பள்ளிகளில் எரிதலைப் பற்றிப் பாடம் நடக்கும் நாளில், பக்கத்துப் பட்டறையிலிருந்து கரி படிந்த பிளக் ஒன்றை வாங்கிவந்து பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.