குப்பை கொட்ட வந்தவர்கள் வைத்தியத்துக்கு ஏன் வரவில்லை?

ஆஸ்பத்திரி கட்டுவதும் டாக்டர் போடுவதும் மாநில சர்க்காரின் வேலை, ஸ்தல ஸ்தாபனத்துக்கு அதில் சம்பந்தமில்லை என்று ஒரு வாதம் பள்ளிக்கரணையில் உலாவுகிறது. அதிகாரிகள் சொல்கிறார்கள், ஆளுங்கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். உழைப்பாளி மக்களிலும் சிலர் அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே விஷயத்தைச் சற்று விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

1939-ம் வருஷத்து சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது கம்யூனிஸ்டுகள் அல்ல, ராஜாஜியின் மந்திரிசபை! கம்யூனிஸ்டுகளே முதல் எதிரி என்று 1952-ல் முழங்கிய அதே ராஜாஜிதான். சர்க்கார் மானியம் போக மீதமுள்ள தன் வருமானத்தில் 100-க்கு 30-க்குக் குறையாமல் முனிசிபாலிடி பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும், கிராமப்புற ஸ்தாபனங்கள் 12½ ஒதுக்க வேண்டும், வைத்திய உதவிச் செலவும் இதில் அடங்கும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சின்ன முனிசிபாலிடிக்கே 30 என்றால், பெரிய மாநகராட்சி அதற்குக் குறைத்துக் கொடுப்பது நியாயமா? சம்பந்தமில்லை என்று வாதாடுவோர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பள்ளிக்கரணையின் கதை விசித்திரமானது. இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது 2011-ல். ஆனால் மாநகராட்சியின் குப்பை லாரிகள் 1980-களிலேயே இங்கு வந்துவிட்டன! பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது இந்தச் சதுப்புநிலத்தின் மேல்தான். வரி வாங்க வருமுன்பே நோயைக் கொண்டுவந்து கொட்டினார்கள். குப்பையைக் கொளுத்திய புகையைப் பல்லாண்டுகள் சுவாசித்தது யார்? குளுகுளு அறைக்காரரா? சுற்றிலும் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்தானே! 2022-ல் இந்தச் சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் ஏறியது. நல்லது, பறவைகளுக்கு உலகப் பாதுகாப்பு கிடைக்கட்டும். அவற்றின் பக்கத்தில் வாழும் மனிதனுக்கு?

2015 டிசம்பரில் வெள்ளம், 2023 டிசம்பரில் மீண்டும் வெள்ளம். வெள்ளம் வடிந்தபின் கொசுவும் காய்ச்சலும். 2024 டிசம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பல்லாவரம் பகுதியில் வாந்திபேதி வந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குடிதண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் ஜனங்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். நாம் கேட்பது இதுதான்: குழாய், சாக்கடை, கொசு, குப்பை இவையெல்லாம் ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு, இவற்றால் வரும் நோய் மட்டும் வேறொருவர் பொறுப்பா?

பணமில்லை என்பார்கள். 2022-ல் தமிழ்நாடெங்கும் சொத்துவரியை உயர்த்தினார்கள். அது வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து வாடகையாக இறங்கி நம் தலையில் விழுகிறது. 2021 முதல் 2026 வரை ஸ்தல ஸ்தாபனங்கள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாய் தரச் சொல்லி 15-வது நிதிக் கமிஷன் சிபாரிசு செய்தது. டில்லிக் கமிஷனுக்குத் தெரிந்த சம்பந்தம் உள்ளூர் அதிகாரிக்குத் தெரியவில்லை!

கேட்பதற்கு ஆளில்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே கிடையாது. கொரோனா வந்தது, ஜனங்கள் படுக்கைக்கு அலைந்தார்கள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. அந்த 2020-லேயே பெருங்குடி மண்டலத்தின் குப்பை அள்ளும் வேலையைத் தனியார் கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்தார்கள். ஊரின் நோயைத் தடுக்கும் முதல் ஆள் துப்புரவுத் தொழிலாளி. அவனையே காண்டிராக்டரிடம் விட்டுவிட்டுப் பொதுச் சுகாதாரம் பேசுகிறார்கள்.

இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 2009-ல் தொடங்கிய அந்தத் திட்டம் பெரிய ஆபரேஷனுக்கு உதவுகிறது. இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்க அந்த அட்டை செல்லாது. சர்க்கார் கஜானாப் பணத்தில் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரி முதலாளிக்குப் போகிறது. மில் தொழிலாளிக்காவது ஈ.எஸ்.ஐ. உண்டு, அதற்கும் அவன் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அவனுக்கு வேண்டியது நடந்து போகும் தூரத்தில், வேலை முடிந்து வரும் அந்தி நேரத்திலும் திறந்திருக்கும் ஒரு வைத்தியசாலை. அதை நடத்தக்கூடியது ஸ்தல ஸ்தாபனம்தான்.

நடக்காத காரியமா இது? பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் இடதுசாரி சர்க்கார் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 100-க்கு 35 முதல் 40 வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தது. மருந்து தீர்ந்தால் பஞ்சாயத்துத் தலைவரை மறித்து மக்கள் கேட்க முடிகிறது. இங்கே? 1992-ல் திருத்திய அரசியல் சட்டம், பஞ்சாயத்துகளுக்குரிய விஷயங்களில் ஆஸ்பத்திரியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையம் மாநில இலாகாவின் கையில். பஞ்சாயத்துத் தலைவர் திறப்பு விழாவுக்கு மாலையோடு போகலாம், அவ்வளவுதான்.

தோழர்களே! 2022 நவம்பர் 1-ந் தேதி பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்து பகுதி சபை நடத்தினார். அந்தச் சபை உங்கள் வார்டிலும் கூட வேண்டும். கூட்டாவிட்டால் கூட்டச் சொல்லி மனுக் கொடுங்கள். கிராமத்தில் இருப்போர் கிராம சபைக்குப் போங்கள். சென்ற வருஷம் வரி எவ்வளவு வசூலாயிற்று, அதில் சுகாதாரத்துக்குப் போனது 100-க்கு எத்தனை, மருந்துக்கு எவ்வளவு, டாக்டர் எத்தனை மணி வரை இருக்கிறார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, சங்க ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.