டான் லார்சனுக்கு அடித்தது வெறும் யோகமா?

பேஸ்பால் ரசிகர்களிடம் டான் லார்சன் பெயரை எடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், "அன்றைக்கு அவருக்கு யோகம்" என்பதுதான். 1956 அக்டோபர் 8, யாங்கி ஸ்டேடியம், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் மட்டையாளர்கள் 27 முறை வந்தார்கள். ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. லார்சன் வீசியவை 97 பந்துகள். அவருடைய அணியான யாங்கீஸ் 2-0 என்று வென்றது. இப்படி ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ஆட்டத்தைத்தான் பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள்; உலகத் தொடரில் இன்னொன்று இதுவரை இல்லை.

யோகக் கட்சியினர் முதலில் பிடித்துக்கொள்வது கடைசிப் பந்தை. அதைச் சந்தித்த டேல் மிட்செல் எளிதில் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவர் அல்ல. அவர் ஆடாமல் விட்ட பந்தை அம்பயர் பேப் பினெல்லி மூன்றாவது ஸ்ட்ரைக் என்றார். அது வெளியே போன பந்து என்று மிட்செல் கடைசிவரை சாதித்தார். வெளியே போனதாகவே இருக்கட்டும். அப்போது கணக்கு ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக். பினெல்லி மாற்றிச் சொல்லியிருந்தால் இரண்டுக்கு இரண்டு ஆகியிருக்கும், அவ்வளவுதான். இலவச பேஸுக்கு நான்கு பால் வேண்டுமே!

அடுத்து, ஃபீல்டர்கள் காப்பாற்றினார்கள் என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஜாக்கி ராபின்சன் விளாசிய பந்து ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்து கில் மெக்டூகால்டிடம் போய், அவுட்டானது. ஐந்தாவது இன்னிங்ஸில் கில் ஹாட்ஜஸ் தூக்கியடித்ததை மிக்கி மேன்டில் ஓடிப் பிடித்தார். சான்டி அமோரோஸின் பந்து நூலிழையில் ஃபவுலானது. இவற்றைத் தள்ளிவிட்டாலும் மீதியெல்லாம் பெரும்பாலும் சாதாரண அவுட்டுகள்; ஏழு பேர் ஸ்ட்ரைக் அவுட். எதிரே நின்றவர்களும் சோப்ளாங்கிகள் அல்ல. அந்த ஆண்டு நேஷனல் லீகில் அதிக ஹோம் ரன் (43) அடித்த டியூக் ஸ்னைடர் அவர்களில் ஒருவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது வாதம்: தன் ஆட்டக்காலத்தை 81 வெற்றி, 91 தோல்வி என்று முடித்த ஒரு பிட்சர் இதைச் செய்ய முடியுமா? 1954இல் பால்டிமோரில் அவர் வென்றது 3, தோற்றது 21. ஆனால் அந்த அணியே அந்த ஆண்டு நூறு ஆட்டங்களில் தோற்றது. 1956இல் யாங்கீஸுக்காக அவர் கணக்கு 11-5. உலகத் தொடர்களில் மொத்தம் 4-2.

அவருடைய உண்மையான நோய் குறி தவறுவது. மூன்று நாள் முன்பு இதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் 6-0 என்ற முன்னிலையை வைத்துக்கொண்டு நான்கு பேருக்கு இலவச பேஸ் கொடுத்து, இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேறினார். அந்த மனிதர் ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று பால் வரை போனது ஒரே ஒருவரிடம்: முதல் இன்னிங்ஸில் பீ வீ ரீஸ். அதன்பின் யாரிடமும் இல்லை. கைகளை மேலே தூக்கிச் சுழற்றும் முன்னசைவை விட்டுவிட்டு, நின்ற நிலையிலிருந்தே வீசும் முறைக்கு அந்தப் பருவத்தின் கடைசியில்தான் மாறியிருந்தார். அடிபட்ட பந்து ஃபீல்டர் கையில் விழ யோகம் உதவலாம். பந்துக்குப் பந்து குறி தப்பாமல் போட அது எப்படி உதவும்?

பெருமையில் கேட்சர் யோகி பெர்ராவுக்குப் பங்கு கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பெர்ரா காட்டிய சைகை ஒன்றைக்கூடத் தான் மறுக்கவில்லை என்று லார்சனே சொல்லியிருக்கிறார். யாருக்காவது பிரித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வரிசையில் யோகத்துக்கு முன்னால் யோகி நிற்கிறார்.