தொடாதீங்க, பெரியவரே

அண்மையில் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசப் போயிருந்தேன். கல்லூரி மாணவர்கள் இருபது பேர் இருப்பார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தெருநாய்ப் பிரச்சினையில் வந்து நின்றது. டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே நாய்களை விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது.

ஒரு மாணவி எழுந்தார். "தோழர், பதினோரு நாள்ல நாய்க்கு நீதி கிடைச்சிடுச்சு. நம்ம வன்கொடுமை வழக்கெல்லாம் எத்தனை வருசமா இழுக்குது? நமக்கே கிடைக்காத இரக்கத்தை நாம எதுக்கு நாய்க்கும் மாட்டுக்கும் கேட்கணும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம் தவறு என்று நினைக்கிறேன். அன்று நேரம் இல்லாததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கோபத்தின் நியாயம். 2002 அக்டோபர் 15. ஹரியானா மாநிலம் ஜஜ்ஜர் அருகே துலீனா காவல் சாவடியில் ஐந்து தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பசுவைக் கொன்றார்கள் என்பது கும்பல் சொன்ன காரணம். பிறகு அந்தப் பசுவின் உடலைப் பரிசோதித்துப் பார்த்தால், அது முன்பே செத்துப்போன மாடு. 2016 ஜூலை 11. குஜராத் மாநிலம் உனா. செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி, நடுத்தெருவில் வைத்து அடித்தார்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன்படி ஒரு விலங்கைக் கொடுமைப்படுத்தினால் முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. செத்த மாட்டைத் தொட்டதற்குக் கும்பல் விதிக்கும் தண்டனையோ உயிர்.

2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்கான ஐந்து விடுதலைகளைப் பேசியது. பசி, தாகத்திலிருந்து விடுதலை. அசௌகரியத்திலிருந்து விடுதலை. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை. அச்சத்திலிருந்து விடுதலை. தன் இயல்பின்படி வாழும் விடுதலை. நல்ல பட்டியல்தான். மலக்குழிக்குள் இறங்கும் மனிதருக்கு இந்த ஐந்தில் எத்தனை இருக்கிறது என்று நாம் கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டால், இரக்கம் என்பது ஒரு பானைச் சோறு, நாய்க்கு ஒரு கை அள்ளினால் நமக்கு ஒரு கை குறையும் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்படி இல்லை என்பதை நான் ஒரு மாட்டு டாக்டரிடம் கற்றேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயதுகூட இருக்காது. ஊர்த்தெருவில் ஒருவர் வீட்டுக் கறவை மாடு காலையில் பார்த்தபோது செத்துக் கிடந்தது. முந்தின நாள் மாலை வரை மேய்ந்த மாடு. வழக்கம்போல எங்கள் தாத்தாவுக்கு ஆள் வந்தது. தாத்தா கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் உறையாமல் வடிந்துகொண்டிருந்தது. தாத்தா காலைப் பிடித்துப் புரட்டப் போன நேரத்தில் கால்நடை மருந்தகத்து டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்.

"தொடாதீங்க, பெரியவரே! கத்தி வைக்காதீங்க. இது அடைப்பானா இருக்கும்."

மாட்டுக்காரர் சொன்னார்: "அவனுக்கு என்ன சார், பழக்கம்தான். அவன் பார்த்துப்பான்."

"பழகினவங்களுக்கும் இந்த நோய் வரும்ங்க" என்றார் டாக்டர்.

அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ். அந்த நோயில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது என்பது கால்நடை மருத்துவத்தின் பாலபாடம். அறுத்தால் காற்றுப்பட்டுக் கிருமி வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். தோல் உரிப்பவரின் கையில் சிறு கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும். நடுவில் கறுத்த புண்ணாக அது வெளிப்படும். கறியைத் தின்றால் குடலைத் தாக்கும். டாக்டர் காதோரத்தில் மட்டும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டார். மாடு கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொன்னார். குழி வெட்டியது எங்கள் ஆட்கள்தான். ஆனால் அதற்கான கூலியை மாட்டுக்காரரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் டாக்டர் கிளம்பினார். மறுநாள் சேரிக்கு வந்து எங்கள் ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார். யார் கையிலாவது கறுத்த புண் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டார்.

அவர் என்ன சாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாத்தா சாகும்வரை அந்தச் சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'தொடாதே' என்ற சொல்லை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டவர். கிணற்றடியில், டீக்கடையில், கோயில் வாசலில். தன் உயிரைக் காப்பதற்காக ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னது அன்று ஒருமுறைதான்.

ஒரு நல்ல டாக்டரால் சாதி ஒழிந்துவிடவில்லை. அடுத்த மாடு செத்தபோதும் ஆள் எங்கள் தெருவுக்குத்தான் வந்தது. தாத்தா போகவில்லை. செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் கறியைத் தின்பதையும் விடுங்கள் என்று 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சொன்னது எங்கள் தாத்தாவுக்குத் தெரியாது. ஆனால் தன் உடம்புக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உனாவுக்குப் பிறகு குஜராத்தில் நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்களே, அதுவும் இதே மறுப்புதான்.

அந்த டாக்டர் பார்த்தது மாட்டை மட்டும் அல்ல. மாட்டைத் தொடப்போகும் கையையும் பார்த்தார். விலங்குநலம் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றைத்தான். விலங்கைத் தொடும் கை உங்கள் கணக்கில் இருக்கிறதா?

நாய்ப் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்று 2023 விதிகள் சொல்கின்றன. சரியான வழி அதுதான். ஆனால் நாயை யார் பிடிக்கிறார்? பல ஊர்களில் உள்ளாட்சியின் ஒப்பந்தத் தொழிலாளி. வலையும் சுருக்குக் கம்பியும் அவர் கையில். கடித்தால் கடிபடுவது அவர். நாய் நேசர்கள் திட்டுவதும் அவரைத்தான். நாய் வேண்டாம் என்பவர்கள் திட்டுவதும் அவரைத்தான். அந்த ஆகஸ்டில் நான் படித்த கட்டுரைகள் எதிலும் அவர் இல்லை. கால்நடை மருத்துவர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார்கள். அதே ஊசி நாய் பிடிப்பவருக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பாறு கழுகுகளின் கதையைப் பாருங்கள். இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவை, தொண்ணூறுகளில் கொத்துக் கொத்தாகச் செத்தது. மாட்டுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் ஆய்வு வெளிவந்தது. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது. கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கும் 2023இல் தடை வந்தது. இன்று நம் மாயாறுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு இந்தத் தடைகள்தான் பாதுகாப்பு.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. மருத்துவர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து செய்த பெரிய வேலை அது. செத்த மாட்டைத் தின்னும் பறவை வரைக்கும் தன் ஊசியின் பொறுப்பு நீள்கிறது என்று மருத்துவத் துறை ஒப்புக்கொண்டது. அதே செத்த மாட்டைத் தூக்கும் மனிதர் வரைக்கும் அந்தப் பொறுப்பு நீள வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் எளிமையானவை. செத்த விலங்கை அகற்றுவது உள்ளாட்சியின் வேலை. அதை இயந்திரம் வைத்துச் செய்யட்டும், ஒரு தெருவுக்கு ஆள் அனுப்பிச் செய்யக்கூடாது. விலங்கு எந்த நோயில் செத்தது என்பதை அதைத் தொடுபவரிடம் முதலில் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனையில் மருத்துவருக்கு என்ன கையுறையோ, உதவியாளருக்கும் அதே கையுறை. நாய் பிடிப்பவருக்கு ஊசி, பயிற்சி, நிரந்தர வேலை. சேரியில் இருக்கும் இரண்டு ஆட்டுக்கும் பன்றிக்கும் மருத்துவர் தெருவுக்குள் வந்து வைத்தியம் பார்க்க வேண்டும். சினை ஆட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் நம் அம்மாக்களுக்கு யாரும் ஜீவகாருண்ய வகுப்பு எடுக்கத் தேவையில்லை. மாட்டுக்கறி தின்பவன் விலங்கின் எதிரி என்று சொல்பவர்கள் அவர்களிடம் வந்து கற்றுக்கொள்ளலாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவப் படிப்புக்கு நீட் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறார்கள். உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. செத்த மாட்டைத் தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்டெதாஸ்கோப்போடு அதே ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். படிப்பது உரிமைப் பேச்சுக்கு வெளியே இருக்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான், தோழர். நாய்க்குக் கிடைத்த பதினோரு நாள் நீதியைப் பறிக்க வேண்டாம். அந்த வேகத்தை நமக்கும் கேட்போம். நாயைப் பிடிக்கிறவருக்கும், மாட்டைப் புதைக்கிறவருக்கும், குழிக்குள் இறங்குகிறவருக்கும் சேர்த்துக் கேட்போம்.

ஜெய்பீம்.