மருந்தும் அளவும்

கம்பம், போடி ஊர்களிலிருந்து மலையேறி வண்டன்மேட்டு ஏலத் தோட்டங்களில் பாடுபடுவோரும், பாலக்காட்டு முதலமடை மாந்தோப்புகளில் வேலை செய்வோரும் நம் குடும்பங்களில் உண்டு. மருந்தடிப்பது அவர்களுக்குப் பழகிய தொழிலே. ஆயினும் தெளிப்பானின் பம்பு மருந்தை எவ்வாறு அளந்து விடுகின்றது என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் இம்மாதம் அதனைக் கூறுவோம்.

பம்பின் தண்டு பின்வாங்குகையில் மருந்து நீர் உள்ளே வருகின்றது. முன்னே தள்ளுகையில் வெளியேறுகின்றது. இங்ஙனம் விட்டு விட்டு வரும் நீரைச் சீராக்குவது காற்றறை. அதிலுள்ள காற்று தள்ளும்போது சுருங்கி, ஓயும்போது விரிந்து, நீரை இடையறாது செலுத்துகின்றது. எஞ்சின் பூட்டிய தெளிப்பானில் அழுத்தத்தைக் காக்கும் சுருள்வில் அடைப்பு ஒன்றும் உண்டு. அழுத்தம் வரம்பு மீறினால் அது திறந்து, மிகுதி நீரைப் பீப்பாய்க்கே திருப்பிவிடும்.

ஆகவே, வெளியேறும் மருந்தின் அளவை முடிவு செய்பவை இரண்டு: அழுத்தமும், நாசிலின் துளையும். ஓங்கி அடித்தால் வேலை விரைவில் முடியும் என்பது பலர் எண்ணம். அழுத்தத்தை நான்கு மடங்காக்கினாலும் நீர் இரு மடங்கே பெருகும் என்பதே உண்மை. துளிகளோ பொடிந்து புகையாகி, இலையை விட்டுத் தெளிப்பவரின் மூக்கையும் கண்ணையும் நாடும். மிகுதியாகத் தெளிக்க வேண்டின் துளை பெரிதான நாசிலை மாட்டுவதே முறை.

மழைக்காலத்து ஏலக்காய் அழுகலுக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவையைத் தெளிக்கின்றோம். சுண்ணாம்புத் துகள் நாசிலின் துளையை நாளடைவில் தேய்த்து அகலமாக்கும். இதைக் கண்டறிய வெறும் நீரை ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்தால் போதும். புதிதாயிருந்தபோது 600 மில்லி விட்ட நாசில் இன்று 660 மில்லியைக் கடந்தால் அதனை மாற்றிவிட வேண்டும். அடைத்துக்கொண்ட நாசிலை வாய்வைத்து ஊதுதல் ஒருபோதும் ஆகாது. நீரும் பழைய பல்துலக்கியும் போதும்.

காசர்கோட்டு முந்திரித் தோப்புகளில் வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததன் துயரை இம்மாநிலம் இன்னும் சுமக்கின்றது. உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று அம்மருந்தைத் தடுத்தது. தடையில்லாத மருந்தும் அளவு மீறின் நஞ்சே.

நாசிலின் விலை அற்பம். தொழிலாளியின் மூச்சு அற்பமன்று. தோட்டத்து முதலாளிமாரும் கங்காணிமாரும் ஓர் அளவுக் குவளையை மருந்துக் கொட்டகையில் வைப்பார்களாக. தெளிக்கும் நம்மவரும் அதனைக் கேட்டுப் பெறக் கூசாதிருப்பார்களாக.