பட்டனில் தேடும் நிக்கலைப் புகையிலும் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். குழந்தை உடுப்பில் வைக்கும் பிரஸ் பட்டன் 'நிக்கல் ஃப்ரீ'தானா என்று லேப் ரிப்போர்ட் வராமல் சரக்கு கிளம்பாது. அமெரிக்கா போகும் குழந்தை உடுப்பில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது. இதில் நம் ஊர்க்காரர்கள் படு கறார்.

அந்தத் துணியை வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் எங்கே போகிறது? நல்லதெல்லாம் விலைபோய்விடும். பிரிண்ட் போட்ட துண்டு, ஜிப், லேபிள், பாலி கவர் என்று யாரும் வாங்காத மிச்சம் காலி மனையிலும் ஓடைக்கரையிலும் இரவோடு இரவாக எரிகிறது. விடிந்து பார்த்தால் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரிப்புள்ளி. சில இடங்களில் விறகோடு விறகாகப் பாய்லருக்குள்ளும் தள்ளுகிறார்கள். புகையின் நிறமும் நெடியுமே காட்டிக்கொடுத்துவிடும்.

துணி எரியும், உலோகம் எரியாது. டர்க்காய்ஸ் நீலச் சாயத்தில் தாமிரம் உண்டு. வேறு சிலவற்றில் குரோமியம். மலிவான பிளாஸ்டிக்கிலும் பிக்மென்ட்டிலும் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். இவை சாம்பலில் தங்கும், அல்லது நுண்துகளோடு ஒட்டி நுரையீரலுக்குள் இறங்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும். நிக்கல் சேர்மங்களும் அறுமதிப்புக் குரோமியமும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது.

சாயக் கழிவுநீர் கலந்த நொய்யல் ஆற்றுக்காக விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு ஊர் மாறியது. நல்லதுதான். ஆனால் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்கவும் நீராவி வேண்டும், அதற்குப் பாய்லர் எரிய வேண்டும். ஆற்றைப் பார்த்த கண் புகைபோக்கியைப் பார்க்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரையறையில் ஈயம், ஆர்சனிக், நிக்கல் மூன்றுக்கும் உச்சவரம்பு உண்டு. நிக்கலுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 20 நானோகிராம். குரோமியத்துக்கும் காட்மியத்துக்கும் வரம்பே கிடையாது. தினசரி காற்றுத் தரக் குறியீட்டில் நிக்கலையும் ஆர்சனிக்கையும் சேர்ப்பதே இல்லை. குறியீடு பச்சையாக இருப்பதைப் பார்த்து எதை நம்புவது?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீரபாண்டி, அருள்புரம், முருகம்பாளையம் பகுதிகளின் காற்றிலும் பாய்லர் சாம்பலிலும் இந்த உலோகங்களை அளந்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். சோதனைக்கு வருபவர்கள் ராத்திரியில் வரட்டும். வாங்க ஆளில்லாத பனியன் வேஸ்ட்டைச் சேகரிக்க மாநகராட்சி ஏற்பாடு செய்யட்டும். பட்டனுக்கு லேப் கட்டணம் கட்டும் ஏற்றுமதியாளர்கள் இந்தச் சேகரிப்பின் செலவை ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வீரபாண்டி, திருப்பூர்.