கெமரா பூட்டினோம், கோட்டைச் சரிபார்த்தோமா?



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் நாம் கையில் இருந்த பழைய வேனுக்கே திரையும் ரிவர்ஸ் கெமராவும் பூட்டி ஓட்டினோம். அதில் பிழையில்லை. பூட்டிய விதத்தில்தான் பிழை.

நம்பர் பிளேட்டுக்கு மேலே கெமராவை வைத்து, ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட் எடுத்து, படம் வந்ததும் வேலை முடிந்தது என்கிறார்கள். நாமும் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். திரையில் தெரியும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் எத்தனை அடியைக் காட்டுகின்றன என்று கேட்பதில்லை. வெளியில் வாங்கும் கெமராக்களில் பெரும்பாலும் கோடு உள்ளேயே வரையப்பட்டு வருகிறது. நம் வேனின் உயரம் அதற்குத் தெரியாது. கெமரா கொஞ்சம் கூடுதலாகக் கீழே சாய்ந்திருந்தால், பக்கத்தில் நிற்கும் பிள்ளை தூரத்தில் நிற்பதாகத் தெரியும்.

சரிசெய்ய அரை மணி நேரம் போதும். சமதரையில் வேனை நிறுத்துங்கள் (நம் ஊரில் அதைத் தேடுவதுதான் பெரிய வேலை!). பின் பம்பரிலிருந்து அரை மீற்றர், 1, 2, 3 மீற்றரில் சோக்கால் கோடு போடுங்கள். வேனின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் நீளக் கோடு போடுங்கள். ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் ஆணியைத் தளர்த்திக் கெமராவை மெல்லச் சாய்க்க வேண்டும். சிவப்புக் கோடு எந்த மீற்றரில் விழுகிறது என்பதை ஓட்டுபவர் மனதில் பதித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு செய்தாலும் அது சமதரைக் கணக்குதான். பின்னால் ஏற்றம் இருந்தால், நிற்பவர் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் தெரிவார். எங்கள் ஊர்ப் பாடசாலை வாசல்களில் ஏற்றமில்லாதது எத்தனை? காலை ஏழேகாலுக்கு, மழையில், குடையோடு முதலாம் தரப் பிள்ளைகள் இறங்கும் இடம் அது. லென்ஸில் சேறு வேறு.

அமெரிக்காவில் 2008இல் இதற்குச் சட்டம் வந்ததே, பின்னெடுத்த வாகனத்தில் சின்னப் பிள்ளைகள் மௌத்தானதால்தான். வீட்டு முற்றத்தில், சொந்த வாகனத்தில் நடந்தவையும் அவற்றில் உண்டு. 2018 மே முதல் அங்கே புதிய கார்களில் கெமரா கட்டாயம். பின்னால் சுமார் 3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம் திரையில் தெரிய வேண்டும். ஜப்பானும் 2022 மே முதல் புதிய மொடல்களில் பின்பக்கத்தைக் காட்டும் அல்லது உணரும் கருவி ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் ரிவர்ஸ் போட்டதும் திரையில் ஒரு வரி ஜப்பானிய எழுத்து வரும். தினமும் பார்க்கிறோம், வாசிக்கத் தெரியாது. சுற்றுப்புறத்தை உங்கள் கண்ணால் நேரடியாகப் பாருங்கள் என்பதுதான் அது.

பாடசாலை வேன் ஓட்டும் சகோதரர்களே, பிள்ளைகள் உங்களிடம் உள்ள அமானிதம். பின்னெடுக்க முன் இறங்கி ஒரு தடவை பாருங்கள், அல்லது உதவியாளரைப் பின்னால் நிறுத்துங்கள். கெமரா பூட்டக் கொடுப்பவர்கள், கோடு சரிபார்த்த பிறகு காசைக் கொடுங்கள். சோக் வேண்டுமானால் ஆசிரியர்களாகிய எங்களிடம் கேளுங்கள், தருகிறோம்.